பெயர் வந்த விதம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாயா என்று தெரியாது. ஆனால் கடிதத்தை எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே. எழுதுவது பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரம்மா. டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவர், என் பேச்சு எம்மாத்திரம் என்கிறார். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நடுவில் தேன் தடவக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நாம் பேசி ஆறு வருஷம் நாலு மாசம் ஆகிறது. அது இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பட்டியல் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். மழையில் நனைந்த பை, அதற்குள் நனையாத கோப்பு. நாட்டில் உள்ள எல்லா இனங்களின் பெயரையும் புதிதாகப் பதிகிறார்களாம். ஒவ்வொரு பெயருக்கும் அது எப்படி வந்தது, அதன் பொருள் என்ன என்று பாரத்தில் எழுத வேண்டுமாம்.

"பின்னவர்ங்கிற பேர் எப்படிப் பெரியவரே வந்தது?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டி, "உங்க இனத்துச் சங்கத்துலேர்ந்து வந்த புத்தகத்துல வேற மாதிரி இருக்கே" என்றார். உன் புத்தகம்தான்.

"எழுபது வயசு தாண்டினவங்க ரெண்டு பேர், தனித்தனி வீட்டுக்காரங்க, ஒரே மாதிரி சொல்லிக் கையெழுத்துப் போடணும். ஏப்ரல் முப்பதுக்குள்ள வரலைன்னா உங்களை இதரர்ல சேர்த்துடுவோம்."

"இதரர்னா யாருங்க?"

"யாருமில்லைங்க. மிச்சம்."

முந்நூறு குடும்பம் இருக்கிறோம், தங்கச்சி. நாளைக்கு நம் பிள்ளைகளை யாராவது யாரென்று கேட்டால் மிச்சம் என்றா சொல்வார்கள்? எழுபது தாண்டியவர்களில் விவரம் சொல்லத் தெம்புள்ளவர்கள் நீயும் நானும்தான். பெரியப்பா மகனுக்குத் தன் பெயரே சில நாள்தான் ஞாபகம் வருகிறது. நான் கைநாட்டு வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன், நீ நான் சொன்னபடி கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அண்ணன்

(பின்குறிப்பு: கடைசி வரியைக் கொஞ்சம் பணிவாகச் சொல்லலாமே என்றேன். எழுதினதை மாற்றாதே என்றார். மருந்துக்கடை.)


மார்ச் 11

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நலம் விசாரிக்கிறேன். தாங்கள் சொன்னபடி கையெழுத்துப் போட நான் தங்கள் லிஃப்டில் ஏறி நிற்கும் ஆள் இல்லை, பித்தானை அமுக்கியதும் மேலே போவதற்கு.

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று தங்களுக்கு நினைவிருக்கிறதா? தங்களுக்கா மறக்கும்! முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட்டி, யார் எந்த மாடியில் எதற்காக இறங்கினார் என்பதை எல்லாம் இன்றைக்கும் சொல்கிறவர். நான் எட்டு மாதம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுதிய சின்னப் புத்தகம் அது. பாய், கூடை, கயிறு பின்னிய மக்கள், அதனால் பின்னவர் என்று படித்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் என் சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும். தாங்கள் எழுந்து நின்று என்ன சொன்னீர்கள்?

"நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனுக்கும் செருப்பு வாரே ஒழுங்காக் கட்டத் தெரியாது, இதுல கூடை பின்னினாங்களாம்!"

சபையே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி நின்றேன். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். என் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்து, "பின்னவங்கதானே, பின் வரிசையில நில்லுங்க" என்றாள். எல்லாரும் ரசித்தார்கள். நான் நகர்ந்து நின்றேன். அந்தப் படத்தில் என் முகம் இல்லை. யாரோ ஒருவரின் தோள் இருக்கிறது. மறுநாள்தான் பின்னல் என்று எழுத உட்கார்ந்தேன். பின்னல் என்றால் கை வேலை, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பின்னால் என்றால் என்ன இருக்கிறது?

கையெழுத்துப் போட மாட்டேன். இதரர் ஆனாலும் பரவாயில்லை.

தங்கை

(பாதியில் 'நீ' என்று வந்துவிட்டது. அடிக்க நேரமில்லை.)


மார்ச் 19

தங்கச்சி,

போட்டோ விஷயம் எனக்குத் தெரியாது. அந்தக் கல்யாணத்தில் நான் பந்தியில் இருந்தேன். தெரிந்திருந்தால் கூட்டத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்த அத்தையிடம் திறந்திருப்பேன். ஊர் சிரிக்க உன்னைப் பேசினது தப்பு. இதை எழுதும்போது மருந்துக்கடைக்காரம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எழுதுங்கம்மா, அபூர்வமா வருது" என்றேன்.

ஆனால் பொய்க்குக் கைநாட்டு வைக்க என்னால் முடியாது. எனக்கு எழுத்து வராது. லிஃப்டில் எட்டாம் எண் வரைக்கும் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான் என் படிப்பு. காதில் விழுந்தது மட்டும்தான் என் சொத்து. அதில் கலப்படம் செய்தால் என்னிடம் வேறு என்ன மிஞ்சும்?

தாத்தா என்னிடம் சொன்னதை நீ முழுசாகக் கேட்டதில்லை. நீ அப்போது கைக்குழந்தை. சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நம் ஆட்கள் கலவரத்துக்குப் பயந்து ஊரை விட்டுக் கிளம்பி வந்தார்கள். தாத்தாவுக்கு ஏழு வயது. வழியில் நீளமான ஒரு பாலம். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை பனியில் தெரியாதாம். இந்தப் பக்க முனையில் இரும்புக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஓர் எழுத்தர். அவருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்த துணியாலேயே பேனாவையும் துடைத்தாராம். அறுபத்திரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். இன்னும் பத்தொன்பது பேர் வர வேண்டும்.

முதல் ஆளாக நின்றவர் தாத்தாவின் அப்பா. காது மந்தம். அவருக்கு மனசில் ஒரே கவலை, கதவைச் சாத்திவிடக் கூடாது.

"யாருய்யா நீங்கல்லாம்?"

"பின்னால வர்றாங்க ஐயா."

"அட, நீங்க யாருன்னு கேக்கறேன்."

"ஆமாங்கய்யா, பின்னால வர்றாங்க. கதவைச் சாத்திடாதீங்க."

எழுத்தர் ஒரு தும்மல் போட்டுவிட்டு, 'பின்னவர்' என்று எழுதினார். கதை அவ்வளவுதான். என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்க அறுபத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாது. இப்போதுகூட இந்த அம்மா என்ன எழுதுகிறார் என்று எனக்கெப்படித் தெரியும்?

(சொன்னதைத்தான் எழுதுகிறேன். மருந்துக்கடை.)

பின்னவர் என்றால் கீழானவர் இல்லை, தங்கச்சி. பின் வரிசையும் இல்லை. நமக்காக நாம் ஒன்றுமே கேட்கவில்லை, இன்னொருத்தருக்காகக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னோம். அதைக் கேட்டு நமக்குப் பேர் வைத்துவிட்டார்கள். கூடை பின்னினதைவிட இது என்ன குறைச்சல்?

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். தும்மல் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வருகிறார்கள், வருகிறார்கள் என்று சொன்னார்களே, யார் வந்தார்கள்? நூற்றிருபது வருஷம் ஆகிறது. ஓர் ஆளும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வராதவர்கள் பெயரை நாம் எதற்கு நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும்? செத்தார்களா, மனசு மாறித் திரும்பிப் போனார்களா, நம்மை மறந்தே போனார்களா? உன் கதையில் பாதி இல்லை. நான் தையல்காரி. ஒரு பக்கக் கையை மட்டும் வைத்துத் தைத்த சட்டையை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஏப்ரல் ஏழாம் தேதி பட்டியல் அலுவலகத்துக்கு நானே போகிறேன். பெயர் வந்த விதம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அது நடந்தால் உன் வாக்கும் கெடாது, என் மானமும் போகாது.

முட்டிவலி இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 9

அண்ணா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதே ஒரு சௌகரியம்.

அலுவலகத்தில் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. (உன்னை நினைத்துக்கொண்டேன், நல்லவிதமாகத்தான்.) நீளமான மர பெஞ்சில் வரிசை. எனக்கு முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், உரக்கடை நடத்துகிறாளாம், கையில் என்னுடையதைப் போலவே ஒரு பாரம். எட்டிப் பார்த்தேன். இனத்தின் பெயர் என்ற இடத்தில் 'முன்னவர்' என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. போட்டோ எடுக்கிற இடத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"ரொம்பப் பெருமைதான் போங்க," என்றேன். "நீங்க முன்னவர்னா நாங்கல்லாம் யாரு, உங்களுக்குப் பின்னாடி கூட்டிப் பெருக்கிட்டு வர்றவங்களா?"

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெருமையா? இது எங்களுக்கு வசவுங்கம்மா. எங்க பெரியப்பா இந்தப் பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுவார். இதை மாத்த முடியுமான்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

"ஏன், முன்னவர்னா நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாவா? பாலத்துக்கிட்ட எங்க ஆளுங்களை நிறுத்தி, யாரு நீங்கன்னு கேட்டாங்களாம். எங்க பெரிய தாத்தா, 'முன்னால போயிட்டாங்க, முன்னால போயிட்டாங்க'ன்னு அழுதாராம். அதையே எழுதிட்டாங்க. எங்களை விட்டுட்டுப் போனவங்க பேரை நாங்க சுமக்கிறோம்மா."

அண்ணா, நான் என் பாரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பின்னவர் என்ற எழுத்தை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் பக்கக் கதை இது. வழியில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. அவளை விட்டு வர மனசில்லாதவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். "நீங்க போய்க்கிட்டே இருங்க, வந்துடறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தை பிறந்து, இரண்டாம் நாள் பாலத்தின் அந்த முனைக்கு வந்தால், முதல் நாள் சாயங்காலமே உத்தரவு வந்து பாலத்தை மூடிவிட்டார்களாம். அந்த முனையிலும் ஒரு மேஜை, ஓர் எழுத்தர். பெயரை எழுதிக்கொண்டு, வண்டியில் ஏற்றி, வேறு திசையில் தூரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். முன்னால் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே நாலு தலைமுறை வளர்ந்திருக்கிறது.

அன்றைக்குப் பிறந்த குழந்தைதான் இவளுடைய தாத்தா. அவருடைய மூத்த மகன், எழுந்து போகிற அந்தப் பெரியப்பா, எண்பத்து நாலு வயது, இன்னும் இருக்கிறார். அவர்கள் பாரத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் போட வேண்டியவர் அவர்தான், மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கொஞ்ச நேரமாவது நின்னீங்களா, அக்கா?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. எட்டு மாதம் உட்கார்ந்து நம் வரலாறு என்று ஒரு புத்தகம் எழுதினேன். அதில் இதற்குப் பதில் இல்லை. உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. அவளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று எதையும் இட்டுக்கட்டாதே. இதை நான் உனக்குச் சொல்கிறேன் பார்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சி,

உன் கடிதத்தை மருந்துக்கடைக்காரம்மா மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, அவராகவே வாசித்தார்.

நின்றோம்.

இதை அந்தப் பெரியவரிடம் நேரில் போய் வாசித்துக் காட்டு. தாத்தா சொன்னது எப்படியோ அப்படி. ஒரு சொல் கூட்டவில்லை.

பாலத்தை மூடிய அன்றைக்கு ராணுவத்தார் நம் ஆட்களை வண்டியில் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. பாலத்து முனையிலேயே தகரக் கொட்டகை ஒன்றில் இருந்தார்கள். தினமும் காலையில் அங்கே ஒரு சமையல்காரன் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுப்பான். நம் ஆட்கள் தங்களுக்கு வாங்கிக்கொண்டு, வர வேண்டியவர்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். "எங்கே அவங்க?" என்பான். "பின்னால வர்றாங்க" என்பார்கள். முதல் நாள் கொடுத்தான். இரண்டாம் நாள் முறைத்துக்கொண்டே கொடுத்தான். அந்த ரொட்டிகளை ஒரு துணியில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்தார்கள். பசி வயிற்றைக் கிள்ளினாலும் அன்றைக்கு ஒருத்தரும் அதைத் தொடவில்லை. மறுநாள் புது ரொட்டி வந்த பிறகுதான் பழையதை எடுத்துத் தாங்கள் தின்றுவிட்டு, அன்றன்றைய புதுசை அந்தத் துணியில் வைத்தார்கள். பதினொரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் துப்பாக்கிக் கட்டையால் இடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

சமையல்காரன் சும்மா கொடுக்க மாட்டான், யார் யாரென்று சொல்லச் சொல்வான். அதனால் தினமும் காலையில் வர வேண்டியவர்களை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதினொரு நாளில் அது மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கும் ஆகிவிட்டது. அவர்களுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, கூப்பிட்ட பெயர்தான் தெரியும்.

கண்ணாடி மாமா, அவர் சம்சாரம், அவர்களுடைய மூன்று பெண்கள். தாடிச் சித்தப்பா, தாடிச் சித்தப்பாவின் அம்மா. இரட்டைப் பிள்ளைகளில் நெட்டை, அப்புறம் குட்டை. பேசாத அக்கா. பாட்டுக்காரன். பூட்டுச் செய்கிறவர், அவர் தம்பி, தம்பி சம்சாரம், அவர்கள் மகள். எந்த ஊருக்குப் போனாலும் செருப்பைத் தொலைக்கிற அண்ணன். ஒற்றைக்காது. பிள்ளைத்தாய்ச்சி, அவள் புருஷன்.

எண்ணிப் பார், பத்தொன்பது பேர். ஆனால் நம் ஆட்கள் கேட்டது இருபது ரொட்டி.

சமையல்காரனும் எண்ணினான். "பத்தொன்பதுதானே சொன்னே?" என்றான். தாத்தாவின் அப்பா, காது மந்தமான மனுஷன், அந்தக் கேள்வி மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டதாம்.

"அவ வரும்போது கைல ஒண்ணு இருக்கும்யா" என்றார்.

பெரியவரிடம் சொல்லு. அவருடைய அப்பா பிறந்தாரா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் பதினொரு நாள் அவருக்கு ஒரு ரொட்டி தனியாக எடுத்து வைத்தோம். இவ்வளவு வருஷம் நான் அந்தப் பட்டியலை எனக்குள் சொல்லிப் பார்த்தபோதெல்லாம் இருபதாவது ஆளுக்குப் பேர் இல்லாமல் முடிப்பேன். அவர் பேரை அவர்களிடம் கேட்டு எனக்கு எழுது.

அண்ணன்

(இன்று கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன். மருந்துக்கடை.)


ஏப்ரல் 24

அண்ணா,

முந்தாநாள் போனேன். உரக்கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. மூட்டைகளுக்கு நடுவே வழி. பெரியவர் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பின்னவர் வீட்டம்மா வந்திருக்காங்க பெரியப்பா" என்றாள் அவள். அவர் எழுந்து நின்றார். போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். முட்டிவலியோடு வாசலை மறித்துக்கொண்டு உன் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன்.

ரொட்டி வந்ததும் உட்கார்ந்தார். கண்ணாடி மாமா வந்ததும் தலையை ஆட்டினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஆட்டல். பேசாத அக்காவுக்கு மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"யாரு சொன்னது? அவங்க நல்லாப் பேசுவாங்க. எங்க அப்பாவை வளர்த்ததே அவங்கதான். பாலத்தைத் தாண்டுற அவசரத்துல அவங்க பேச்சுக்குக் காது கொடுக்க ஒருத்தருக்கும் நேரமில்ல, அதான் உங்க ஆளுங்க பேசாத அக்கான்னு வெச்சிருப்பாங்க."

"நாங்க பாலத்தைத் தாண்டும்போது அவங்க எங்ககூட இல்லீங்களே" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இருபதாவது ரொட்டி வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. எண்பத்து நாலு வயது மனிதர் அப்படி அழுததை அவருக்குத் தெரியாமல் கடிதத்தில் எழுதுவது நியாயமில்லை. இருபதாவது ஆளின் பெயரைச் சொன்னார். அதைக் கடிதத்தில் வேண்டாம், உன் அண்ணன் காதில் நானே சொல்கிறேன் என்றும் சொன்னார்.

நேற்று எல்லாரும் சேர்ந்து அலுவலகம் போனோம். குமாஸ்தா என் புத்தகத்தை எடுத்து வைத்தார். பின்னல் என்று இருந்த பக்கத்தை நானே அடித்தேன். கோடு நேராக வந்தது, தையல்காரி கோடு. உன் கைநாட்டு இருக்கும் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் அவர்களுடைய பாரத்தில் போட்டார். பெயரை மாற்ற வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பெயரும் இரண்டு வரிசையில் தனித்தனியாக இருக்கும். பெயர் வந்த விதம் என்ற இடத்தில் இருவருடைய கதையையும் சேர்த்து எழுதினோம்.

கடைசியில் 'பொருள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"பின்னவர், இதுக்கு என்னம்மா பொருள்?"

"முன்னவர்னு எழுதுங்க" என்றேன்.

"அது எதிர்ச்சொல்லும்மா, பொருள் இல்ல."

"எங்களுக்கு அதுதான் தம்பி பொருள்" என்றார் பெரியவர். "எங்க கட்டத்துல பின்னவர்னு போடுங்க."

குமாஸ்தா மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினார். முத்திரை குத்திவிட்டார்கள். நாம் மிச்சம் இல்லை, அண்ணா.

பெரியவர் உன்னைப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். அவரும் உரக்கடைக்காரியும் நானும் என்றுதான் முதலில் பேச்சு. இன்று காலையில் அவள் தம்பி குடும்பமும் வருவதாகச் சொன்னாள். என் மகளும் மாப்பிள்ளையும் கிளம்புகிறார்கள். அந்த அத்தையும் வருகிறேன் என்கிறாளாம், வரட்டும். எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதே. மருந்துக்கடைக்காரம்மா வீட்டிலிருந்தும் பாய் வாங்கி விரித்து வை.

தங்கை